எம்.இ. மெக்கானிக்கல்: யாருக்குப் பலன் தரும்?

பி.இ. மெக்கானிக்கல் முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் நடக்கும் மஷ்வரா பெரும்பாலும் ஒன்றுதான். எம்.இ. சேர்ப்பதா, வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க அனுப்புவதா, வளைகுடாவில் இருக்கும் மாமாவிடம் விசாவுக்குச் சொல்லி வைப்பதா? "இன்னும் இரண்டு வருஷம் படித்தால் சம்பளம் கூடும்தானே?" என்று உம்மா கேட்பார். கையில் இருப்பது எத்தனை செமஸ்டருக்கு வரும் என்று வாப்பா கணக்குப் போடுவார். மேல்படிப்பு படித்தாலே சம்பளம் கூடும் என்பது மெக்கானிக்கல் துறையில் எல்லோருக்கும் பொருந்தாது. பார்க்கப் போகும் வேலை அந்தப் பட்டத்தைக் கேட்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகளில் அதிகம் பேர் நாடுவது வளைகுடா என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம். எண்ணெய், எரிவாயு, ஏ.சி. பணிகள், பராமரிப்பு ஆகிய துறைகளின் வேலை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். பி.இ., இத்தனை ஆண்டு அனுபவம், இன்ன சான்றிதழ் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். எம்.இ. கேட்பது அபூர்வம். அழுத்தக் கலன்களை ஆய்வு செய்யும் இன்ஸ்பெக்டர்களுக்கான ஏ.பி.ஐ. 510 தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பொறியியலில் இளநிலைப் பட்டமோ அதற்கு மேலோ இருப்பவர் அந்தத் துறையில் 1 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். பி.இ.க்கும் எம்.இ.க்கும் அங்கே ஒரே தட்டுதான். சவூதியில் 5 ஆண்டு அனுபவம் இல்லாத வெளிநாட்டுப் பொறியாளர்களை எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடே ஒரு கட்டத்தில் கொண்டுவரப்பட்டது. கல்லூரியில் கழித்த 2 ஆண்டை அங்கே யாரும் அனுபவமாக எண்ண மாட்டார்கள்.

குவைத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018-ல் பொறியாளர்களின் இகாமா புதுப்பிக்க, குவைத் பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் தேவை என்று ஆனது. என்.பி.ஏ. அங்கீகாரம் உள்ள படிப்புகளை மட்டுமே சங்கம் ஏற்றதால், பல ஆண்டுகள் வேலை பார்த்த இந்தியப் பொறியாளர்கள் பலர் தவித்துப் போனார்கள். அடித்தளமான பி.இ. பட்டத்துக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால், மேலே எம்.இ. சேர்த்தாலும் அந்தக் குறை தீர்ந்துவிடாது. ஆகவே இந்தக் கேள்வியை பி.இ. சேரும்போதே கேட்பது நல்லது. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கிடைக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் எம்.இ. யாருக்கு?

கல்லூரி ஆசிரியர் பணிக்கு அது இல்லாமல் முடியாது. ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி உதவிப் பேராசிரியராக பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும், அவற்றில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். அதற்கு மேல் உயர பிஎச்.டி. தேவை. ஆனால் மாணவர்கள் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட, பல தனியார் கல்லூரிகள் மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்துவிட்டன. இருக்கும் ஆசிரியர்களுக்கே பாட நேரம் இல்லாத இடத்தில் புதியவருக்குச் சம்பளம் எப்படி இருக்கும் என்பதை விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

எம்.இ.க்கு உண்மையான மதிப்பு டிசைன், அனாலிசிஸ், ஆராய்ச்சி ஆகிய பிரிவுகளில் இருக்கிறது. வாகன நிறுவனங்களின் ஆராய்ச்சி மையங்கள் சென்னையைச் சுற்றி இருக்கின்றன. பெங்களூருவில் விமான என்ஜின் வேலையே நடக்கிறது. ஒரு பாகம் எங்கே உடையும், வெப்பம் எப்படிப் பரவும் என்று கணினியில் கணித்துச் சொல்லும் வேலைக்கு பி.இ. பாடம் போதாது. நல்ல ஆய்வகத்தில் ஓராண்டு புராஜெக்ட் செய்த எம்.டெக். மாணவரை அங்கே தேடி எடுக்கிறார்கள். மென்பொருளை இயக்க மட்டும் தெரிந்தவருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

அரசுத் துறையில் நிலைமை வேறு. இஸ்ரோ விஞ்ஞானி பணிக்கு பி.இ.யில் 65 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். என்.டி.பி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் பி.இ. முடித்தவர்களை கேட் மதிப்பெண் பார்த்து எடுக்கின்றன. பாபா அணு ஆராய்ச்சி மையமோ பி.இ. முடித்தவரை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்தே அதிகாரியாக்குகிறது.

அதனால்தான் கேட் தேர்வை விட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறோம். வேலைக்கும் அதுதான் வழி, படிப்புக்கும் அதுதான் வழி. கேட் மூலம் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதத்துக்கு 2,97,600 ரூபாய். கேட் இல்லாமல் தனியார் கல்லூரியில் எம்.இ. சேர்ந்தால் கட்டணமும் போகும், வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளமும் போகும். மாதம் 20,000 என்று வைத்தாலும் அது 4,80,000 ரூபாய். வேலை கிடைக்கவில்லை, சும்மா இருப்பதற்கு எம்.இ. படிக்கட்டும் என்று சேர்க்கும் குடும்பங்கள் இந்தக் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்பில் ஜெர்மனி இப்போது பலரின் கனவு. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்குகிறது. விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். நம் பணத்தில் 10 லட்சத்துக்கு மேல். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தருகிறார்கள், ஆனால் ஜெர்மன் மொழி வராமல் அங்கே மெக்கானிக்கல் வேலை கிடைப்பது கடினம். அமெரிக்காவில் எம்.எஸ். முடித்தவர் 3 ஆண்டு வரை வேலை பார்க்கலாம். ஆயினும் விமானம், ராணுவத் தளவாடம் சார்ந்த நிறுவனங்கள் பலவற்றில் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவருக்கு இடம் இல்லை. மெக்கானிக்கல் படித்தவருக்கு இது பெரிய அடி.

இந்த 10 லட்சம் எங்கிருந்து வரும் என்பதில்தான் நம் குடும்பங்களுக்குச் சோதனை. வங்கிக் கல்விக் கடன் என்றால் வட்டி. படிக்கும் காலத்திலும் அது ஏறிக்கொண்டே இருக்கும். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுப் படிப்புக் கடன் வட்டியை மத்திய அரசு ஏற்றுக்கொண்ட படோ பர்தேஷ் திட்டமும், பிஎச்.டி. மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-ல் நிறுத்தப்பட்டுவிட்டன. வட்டியில்லாமல் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு உதவித்தொகையோடு கூடிய எம்.டெக்., உறவினர் அல்லது ஜமாஅத் தரும் கர்ழே ஹஸனா, ஓரிரு ஆண்டு வேலை பார்த்துச் சேர்த்த சொந்தப் பணம் ஆகிய வழிகள் இருக்கின்றன. மூன்றாவதை நாம் குறைவாக மதிக்கிறோம். 2 ஆண்டு ஆலையில் வேலை பார்த்தவருக்கு எந்தப் பிரிவில் எம்.இ. படிக்க வேண்டும், படிக்கத்தான் வேண்டுமா என்பதே தெளிவாகிவிடும். வேலையை விடாமல் படிக்க விரும்புவோருக்கு பிட்ஸ் பிலானி 4 செமஸ்டர் எம்.டெக். நடத்துகிறது.

கேட் தேர்வை மூன்றாம் ஆண்டு மாணவர்களே எழுதலாம், மதிப்பெண் 3 ஆண்டுக்குச் செல்லும். விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில்.