ஜாமீன் கிடைத்தும் சிறையில்: பிணையாளர் நிபந்தனை பற்றி

மோத்தி ராம் ஓர் ஏழைக் கொத்தனார், மத்தியப் பிரதேசத்துக்காரர். 1978-இல் அவருக்கு ஜாமீன் கொடுத்தது உச்ச நீதிமன்றம். எவ்வளவு தொகைக்கு, யார் பொறுப்பில் என்பதைத் தலைமை நீதித்துறை நடுவரிடம் விட்டது. நடுவர் 10,000 ரூபாய்க்குப் பிணையாளர் கேட்டார். உடன்பிறந்தவர் பிணை நிற்க முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி நடுவர் ஏற்க மறுத்துவிட்டார். கொத்தனார் மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கே போக வேண்டியதாயிற்று. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அவரை 1,000 ரூபாய்ச் சொந்தப் பிணையில் விடச் சொன்னது. பிணையாளர் வெளி மாவட்டத்தவர் என்பது அவரை நிராகரிக்கக் காரணமாகாது என்றும் சொன்னது.

ஜாமீன் குறித்த நமது சட்ட எழுத்தில் பெரும்பகுதி, கொடுப்பதா மறுப்பதா என்ற கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் (உபா) கடும் நிபந்தனை, அமைச்சர்களின் ஜாமீன் மனுக்கள் ஆகியவை முக்கியமானவைதாம், மறுக்கவில்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர்; அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர். செய்தித்தாளில் பெயர் வராத இந்தக் கூட்டத்துக்குள் இன்னொரு சிறு கூட்டம் உண்டு. நீதிபதி ஜாமீன் கொடுத்துவிட்டார். ஆனாலும் ஆள் உள்ளே இருக்கிறார். சட்டத்தின் பார்வையில் விடுதலையானவர், சிறைப் பதிவேட்டில் கைதி. ஜாமீன் சீர்திருத்தத்தை இவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இவர்கள் கற்பனை மனிதர்கள் அல்லர். ஜாமீன் கிடைத்தும் வெளிவராத விசாரணைக் கைதிகள் ஏறத்தாழ 5,000 பேர் என்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையமே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. தேடிப்பிடித்து உதவிய பின் விடுதலையானவர்கள் 1,417 பேர். இவர்கள் வெளியே வர வழக்கில் புதிதாக எதுவும் நடக்க வேண்டியிருக்கவில்லை. எஞ்சியவர்களைத் தடுத்தது ஜாமீன்தாரர் இல்லாமையோ, அவர்கள் மீதிருந்த வேறு வழக்குகளோதான்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அவற்றின் வாசகம் மனப்பாடம். இவ்வளவு தொகைக்குச் சொந்தப் பிணை. அதே தொகைக்கு இரண்டு பிணையாளர்கள். பல உத்தரவுகளில் அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். பிணைப் பத்திரத்தில் புகைப்படமும் இடது கைப் பெருவிரல் ரேகையும். அடையாளத்துக்கு ஆதார் அல்லது வங்கிப் புத்தக நகல். அதன்பின் தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. 'கண்டிஷன் பெயில்' என்று மக்கள் சொல்வது இதைத்தான். இந்த வரிசையில் 'ரத்த உறவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். 2024 வரை நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிணை அத்தியாயத்தில் அச்சொல் எங்கும் இருந்ததில்லை, பழக்கத்தில் வளர்ந்தது. ஆகவே அதற்கு வரையறையும் இல்லை. பெரியம்மா மகன் ரத்த உறவா? மனைவி? அன்றைய நடுவரும் அன்றைய குமாஸ்தாவும் எப்படி எடுத்துக்கொள்கிறார்களோ அப்படி.

நடுவர் நீதிமன்ற வராந்தாவில் ஒரு காலைப் பொழுது நின்றால் மீதி விளங்கும். வீட்டு வரி ரசீது வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி அழைத்து வந்திருப்பார்கள். அவருக்கு அன்றைய கூலி போச்சு. ஆட்டோ செலவும் சாப்பாட்டுச் செலவும் கைதியின் குடும்பத்துக்கு. ரசீது அவர் பெயரில் இல்லை, அப்பா பெயரில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க ஓட வேண்டும். எல்லாம் முடிந்து விடுவிப்பு ஆணை சிறைக்குப் போவதற்குள் லாக்கப் நேரம் தாண்டிவிட்டால் அன்றைய இரவும் உள்ளேதான். 2021-இல் மும்பையில் ஒரு பிரபல நடிகரின் மகனுக்கு நடிகை ஒருவரே ஜாமீன்தாரராக வந்து நின்றார். அந்த மகனுக்கும் ஓர் இரவு கூடுதலாகச் சிறையில் கழிந்தது. சிறையின் ஜாமீன் பெட்டி மாலையில் திறக்கும் நேரத்துக்குள் காகிதம் போய்ச் சேரவில்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் இளைஞருக்கு எத்தனை இரவு என்று கணக்கிட வேண்டியதில்லை. அவருடைய ரத்த உறவு இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் இருக்கிறது. உள்ளூரில் அவரைத் தெரிந்தவர்கள் அவருடன் அறையில் தங்கியிருக்கும் நான்கு பேர். அவர்கள் யார் பெயரிலும் வரி ரசீது இல்லை. மோத்தி ராமுக்குத் தடையாக இருந்தது ஒரு மாவட்ட எல்லை. இவருக்கு நான்கைந்து மாநில எல்லைகள்.

பிணையாளர் இல்லாவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் ஓடிவிடுவார், வழக்கு பிடிவாரண்டில் கிடக்கும் என்பது எதிர்வாதம். இது வெறும் சாக்கு அல்ல. வெளிமாநிலத்தவர் வாய்தாவுக்கு வராமல் போய் ஆண்டுக்கணக்கில் முடங்கிய கோப்புகள் எல்லா நடுவர் நீதிமன்றங்களிலும் உண்டு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வருவதற்கு உத்தரவாதமாக இருப்பது பிணையாளரா? நீதிமன்ற வாசலில் வாடகைக்கு ஜாமீன்தாரர் கிடைப்பார் என்பது ஊரறிந்த ரகசியம். பிணை நிற்பவர் தாம் ஏற்கெனவே எத்தனை பேருக்குப் பிணை நிற்கிறார் என்று உறுதிமொழி தர வேண்டும் என 2005-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையே திருத்தினார்கள். நாடாளுமன்றம் காரணமின்றித் திருத்தம் செய்வதில்லை. பணம் உள்ளவர் முன்பின் தெரியாத ஆளை வாடகைக்குப் பிடித்து வெளியே வருகிறார். இல்லாதவர், தம்மை நன்றாகத் தெரிந்த நான்கு பேர் இருந்தும் உள்ளே இருக்கிறார். தப்பி ஓடும் வாய்ப்பை அளப்பதற்கு இதைவிடத் தலைகீழான கருவி இருக்க முடியாது.

1961-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வேரா அறக்கட்டளை இதைச் சோதித்துப் பார்த்தது. கைதானவரிடம் எங்கே வேலை, எத்தனை நாளாக இந்த முகவரி, யாருடன் குடியிருப்பு என்று கேட்டுத் தொலைபேசியில் சரிபார்த்தார்கள். ஊரோடு பிணைப்பு இருந்தால் பணமின்றி விடும்படி நீதிபதிக்குப் பரிந்துரைத்தார்கள். அப்படி விடப்பட்டவர்களில் வேண்டுமென்றே வராமல் போனவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பீகார் விசாரணைக் கைதிகளுக்காக வழக்கறிஞர் கபிலா ஹிங்கொரானி நடத்திய ஹுசைனாரா காத்தூன் வழக்கில், 1979-இல் நீதிபதி பி.என். பகவதி இந்தச் சோதனையை எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் சிக்கல் ரொக்கம், நமக்கு ஆள்; அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. என்றாலும் ஒருவர் திரும்பி வருவாரா என்பதைச் சொல்வது அவருடைய வாழ்க்கைப் பிணைப்பே ஒழிய வரி ரசீது அல்ல என்ற முடிவு இரண்டு நாட்டுக்கும் பொருந்தும்.

அண்மைய சீர்திருத்தங்கள் இந்த முடிச்சைத் தொட்டும் தொடாமலும் போகின்றன. உச்ச நீதிமன்றம் 31.1.2023 அன்று தந்த வழிகாட்டுதல்கள் நல்லவை: ஜாமீன் உத்தரவை அன்றே அல்லது மறுநாளே மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும்; 7 நாளில் விடுதலையாகாதவரைப் பற்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; ஒரு மாதத்தில் பிணை தர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். 'பார்க்கலாம்' என்பதில்தான் எல்லாம் தங்கிவிட்டது. அதே ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டம், விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை ஜாமீன் தொகையை நீதிமன்றத்தில் கட்ட வழி செய்தது. நோக்கம் குறை சொல்லத் தக்கதன்று. ஆனால் நீதிமன்றம் கேட்பது பணத்தையல்ல, இரண்டு மனிதர்களை. 40,000 ரூபாயால் ரத்த உறவை உண்டாக்க முடியாது. நிதி செலவாகாமல் கிடந்ததால் உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்கு நினைவூட்டிக் கடிதம் எழுத வேண்டியிருந்ததில் எனக்கு வியப்பில்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, இதற்குமுன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது. மூன்றாண்டுத் தண்டனைக்குரிய சாதாரணத் திருட்டில் இந்த உரிமை கனிய ஓராண்டு ஆகும். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருந்தால் அதுவும் கிடையாது. சில்லறைத் திருட்டுக்குப் பிடிபடும் ஏழையின் மீது ஒரே ஒரு வழக்கு மட்டும் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்பதை எந்தக் காவல் நிலைய எழுத்தரும் சொல்வார். 2024-இல் கிரீஷ் காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் எதிர்கொண்டதும் இப்படிப் பல வழக்குகள் உள்ள ஒருவரைத்தான். 13 வழக்குகளில் ஜாமீன் பெற்றும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பிணையாளர் தேட முடியாமல் அவர் சிறையில் இருந்தார். நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு, அதே பிணையாளர்களே பல வழக்குகளுக்கும் நிற்கலாம் என்றது.

தமிழ்நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையிலும் இம்மாநிலமே முதலிடம். ஜாமீனில் வந்துவிடுவார் என்பதையே காரணமாகக் காட்டிக் குண்டர் சட்டம் பாயும் இடத்தில் பிணைச் சீர்திருத்தம் பாதித் தூரம்தான் போகும். அது தனியே எழுத வேண்டிய பொருள்.

செய்ய வேண்டியதற்குச் சட்டத்திலேயே விதை இருக்கிறது. ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில், கைதான ஒரு வாரத்துக்குள் பிணையாளர் தர முடியாதவரை வறியவராகக் கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும் என்பது இப்போதைய விதி. ஜாமீனில் விட இயலாக் குற்றங்களிலும், உத்தரவு பிறந்த ஏழாம் நாள் பிணையாளர் நிபந்தனை தானாக விழுந்துவிட வேண்டும். அதை நீட்டிக்க விரும்பும் நடுவர், இந்த ஆள் ஏன் வரமாட்டார் என்று எழுத்தில் காரணம் சொல்லட்டும். இப்போதைய ஏற்பாட்டில் நடுவரின் அச்சம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது: விடப்பட்டவர் ஓடிவிட்டால் கேள்வி வரும், விடப்படாதவர் உள்ளேயே கிடந்தால் யாரும் கேட்பதில்லை. வாய்தா தேதியைக் குற்றம் சாட்டப்பட்டவரின் கைப்பேசிக்கு அவர் மொழியில் முதல் நாள் அனுப்பி வைப்பது, அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவதில் பெருவிரல் ரேகையைவிட அதிகம் உதவும் என்றே நினைக்கிறேன். ரத்த உறவு நிபந்தனையை நீக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. உயர் நீதிமன்றத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். பிணையாளர் வெளியூர்க்காரர் என்பதற்காக மறுக்கக் கூடாது என்ற மோத்தி ராம் தீர்ப்பு 24.8.1978 அன்று வந்தது. இன்றும் அதுதான் சட்டம்.