பதில் வந்தது, ஆள் வரவில்லை

நெளுக்குளத்தில் இருந்துகொண்டு எங்கள் ஆசிரியர் குழுவுக்கு டெலிகிராமில் ஒரு சின்ன சாட்பொட் செய்தோம். 'நாளை' என்று எழுதினால் நாளைய நேரசூசி வரும். அவ்வளவுதான்.

இந்த வித்தை 1966இலேயே இருந்தது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1936இல் குடும்பத்தோடு வெளியேறிய ஜோசப் வைசன்பாம், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எழுதிய எலிசா. நாம் தட்டும் வசனத்தில் ஒரு சொல்லைப் பிடிக்கும். அதற்கென்று எழுதிவைத்த பதிலைத் தரும். 'அம்மா' என்றால் குடும்பத்தைப் பற்றிக் கேட்கும். விளக்கம் எதுவும் அதற்குக் கிடையாது. அது உருவானதை மாதக்கணக்கில் பார்த்திருந்த அவருடைய செயலாளரே, அதோடு பேச உட்கார்ந்ததும் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். மனுசர் அதிர்ந்துபோய் 1976இல் ஒரு புத்தகமே எழுதினார்.

2015 ஜூனில் டெலிகிராம் பொட்களுக்கு வழி திறந்தது. பொட்ஃபாதரிடம் பெயர் கொடுத்து டோக்கன் வாங்கினால் சரி. மிச்சமெல்லாம் எலிசா செய்த வேலைதான்.

போன கிழமை இரவு ஒரு டீச்சர் அதற்கு எழுதியிருக்கிறார்: "உம்மாவுக்குச் சுகமில்லை, நாளை வர ஏலாது." பொட் 'நாளை'யைப் பிடித்து நேரசூசியை அனுப்பிவிட்டது. பதில் வந்ததால் அறிவித்தாயிற்று என்று அவர் இருந்துவிட்டார். காலையில் தரம் 6இல் ஆளில்லை. பிழை எங்களுடையது. இப்போது 'சுகமில்லை', 'ஏலாது' வந்தால் பொட் பேசாது. செய்தி நேரே பிரதி அதிபரின் போனுக்குப் போகும்.