கோல்ஃப் திடல் புதுப்பிப்பும் புல்தளம் அமைத்தலும் (திருகோணமலை)

கோல்ஃப் திடலில் களைத்துப்போன புல்லை அகற்றி, அடிமண்ணையும் வடிகாலையும் சீர்செய்து, புதுப் புல்லை வேரூன்ற வைக்கும் வேலையே திடல் புதுப்பிப்பு எனப்படுகிறது. திடலின் எல்லாப் பகுதிக்கும் ஒரே அளவு வேலை இல்லை. பந்தை உருட்டிக் குழியில் விழுத்தும் ‘கிரீன்’ எனப்படும் தளத்துக்கே பணமும் பாடும் கூடுதலாகச் செல்லும். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில் இலங்கை விமானப்படை நடத்தும் ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்ஸ் உள்ளது. கரையோர மண், உவர் நீர், நீண்ட வறட்சி, அதன்பின் வரும் அடைமழை ஆகிய நான்கும் கூடும் நிலம் இது.

வரலாறு

கோல்ஃப் ஸ்கொட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில் வளர்ந்த ஆட்டம். ‘லிங்ஸ்’ என்ற சொல் அந்த மேடுகளையே குறிக்கும். அங்கே புல்லைக் கட்டையாக மேய்ந்து வைத்தவை ஆடுகளும் முயல்களும்; நீரை வடித்தது மணல். 19ஆம் நூற்றாண்டில் பிரெஸ்ட்விக், செயின்ட் ஆண்ட்ரூஸ் திடல்களைப் பராமரித்த டொம் மொறிஸ், தளத்தின்மேல் மணல் தூவினால் புல் செழிக்கும் என்பதை நடைமுறையாக்கினார். இன்றைய புல்தளக் கலை அந்த மணலில் தொடங்கியது.

பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அமைந்த மிகப் பழைய கழகம் 1829இல் கல்கத்தாவில் தோன்றியது. இலங்கையில் 1879இல் கொழும்பு கோல்ஃப் கழகம் உருவாகி, காலிமுகத்திடலில் ஆட்டம் நடந்தது. 1896இல் அது ஆளுநர் ரிட்ஜ்வேயின் பெயர் தாங்கிய இன்றைய திடலுக்கு மாறியது; 1928இல் ‘றோயல்’ பட்டம் பெற்றது. நுவரெலியாத் திடலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததே. வறண்ட குடியேற்றப் பகுதிகளில் புல் பிடிக்காத இடங்களில் மணலோடு எண்ணெய் கலந்து அழுத்தி, ‘பிரவுன்’ என்ற பெயரில் தளம் அமைத்தார்கள். நீரில்லாத ஊருக்கு அது கெட்டித்தனமான மாற்று.

திருகோணமலையைப் பிரித்தானியர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். பின்னாளில் துறைமுகம் பெரும் கடற்படைத் தளமாயிற்று. சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்களும் விமானத் தளமும் எழுந்தன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. 1957இல் தளங்கள் இலங்கையிடம் கையளிக்கப்பட்டன. இன்று விமானப்படைக் கல்விக்கூடம் இயங்குவதும் சீனக்குடாவில்தான்.

புல் வகைகள்

வெப்ப நாட்டுத் திடல்களின் முதற்புல் அறுகு (சைனோடன் டக்டிலோன்). பிள்ளையாருக்குச் சாத்துவதும், மணமக்களை வாழ்த்தும்போது ஆலமரத்தோடு சேர்த்துச் சொல்வதும் இதே புல்தான். ‘பெர்முடா’ என்று பெயர் வாங்கினாலும் அதன் தாயகம் ஆபிரிக்கா. நிலத்தின்மேல் ஓடுதண்டும் நிலத்தடியில் வேர்த்தண்டும் விட்டுப் படர்வதால், மிதிபட்டாலும் வெட்டுண்டாலும் மீளும்.

நாட்டு அறுகு வேறு, திடல் அறுகு வேறு. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் கிளென் பேர்ட்டன், நாட்டு அறுகையும் தென்னாபிரிக்க அறுகையும் இணைத்துக் கலப்பினங்களை உருவாக்கினார். 1956இல் டிஃப்கிரீன், 1960இல் டிஃப்வே ஆகியவை வெளிவந்தன. டிஃப்கிரீன் தளங்களில் தானாகத் தோன்றிய குட்டை வடிவம் 1965இல் டிஃப்ட்வார்ஃப் என்ற பெயரில் வந்தது. இவை முளைக்கும் விதை தருவதில்லை. தண்டுத் துண்டுகளாகவோ புற்பத்தைகளாகவோதான் நட முடியும்.

இரண்டாவது, கடலோரப் பஸ்பாலம் (பஸ்பாலம் வஜினேட்டம்). உப்பைத் தாங்குவதில் அறுகை விஞ்சும். மூன்றாவது, மணிலாப் புல் எனப்படும் சொய்சியா. அடர்த்தியாக வளரும், ஆனால் மெதுவாகப் பிடிக்கும். கிணற்று நீர் உவர்க்கும் துறைமுகக் கரைக்குப் பஸ்பாலமே பொருத்தம். குளத்து நீர் கிடைக்கும் மேட்டு நிலத்துக்குக் கலப்பு அறுகு போதும்.

மண்ணும் காற்றும்

மாவட்டத்தின் கரையோரம் மணல். உள்நிலம் பெரும்பாலும் செங்கபில மண். பின்னது காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் ஒட்டும். ஆண்டு மழை ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக் காலத்தில் கொட்டிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை மலைநாட்டைக் கடந்து ஈரமிழந்து வரும் கச்சான் வீசும். கச்சான் வெயிலில் நட்ட தண்டு ஒரு மணி நேரத்தில் வாடும். வாடை மழையில் திறந்து கிடக்கும் மணல் ஒரே இரவில் வாய்க்காலாக அறுபடும். எனவே மண்வேலையைக் கச்சானில் முடித்து, வானம் இருண்டு வரும்முன் புல்லைப் பிடிக்க வைப்பதே இங்கு முறை. பெரும்போகக்காரர் மழையைப் பார்த்து வரம்பு கட்டுவதுபோல, திடல்காரரும் நாட்காட்டியை மழையிடமிருந்தே வாங்க வேண்டும்.

நிலத்தைத் தயார் செய்தல்

முதல் வேலை சோதனை. குழி வெட்டும் 108 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயைத் தளத்தில் அழுத்தித் திருகி, வெளியே வரும் மண்ணுருளையைப் பக்கவாட்டில் பார்ப்பார்கள். மேலே மெத்தைபோல் மக்காத தண்டுச் சருகு, அதன்கீழ் பழைய மேல்மணல் படைபடையாகத் தெரியும். கறுப்புக் கோடு ஓடி, முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்றும் வடிகாலும் செத்துவிட்டன என்று பொருள். அந்தத் தளத்துக்குப் பசளை போட்டுப் பயனில்லை, தோண்டத்தான் வேண்டும்.

அடுத்தது பழைய புல்லையும் கோரையையும் ஒழிப்பது. ஒரு கணு மிஞ்சினாலும் பழைய அறுகு புதுத் தளத்தில் தலைகாட்டும். கோரைக் கிழங்கோ அதைவிடப் பிடிவாதம். இவற்றைக் கொல்ல உதவும் கிளைபோசேற் களைநாசினி இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலை, றப்பருக்கு மட்டும் விடுபட்டு, 2022இல் தடை நீங்கியது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதித்த தடையும் சில மாதங்களிலேயே கைவிடப்பட்டது. அவசரத் தடைகளால் புல்தளக்காரருக்கும் நட்டமே மிஞ்சியது.

தளத்தின் அடுக்கமைப்புக்கு உலகெங்கும் பின்பற்றப்படுவது, அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் முதன்முதல் வெளியிட்ட பரிந்துரை. அடியில் ஈர்ப்புச் சரிவோடு குழாய்கள், அவற்றின்மேல் 10 சதமமீற்றர் சல்லி, அதன்மேல் 30 சதமமீற்றர் வேர்மணல். கரட்டுச் சல்லியின்மேல் நுண்மணல் கிடப்பதால், நீர் உடனே இறங்காமல் மணலின் அடிப்பகுதியில் சிறிது தங்கி வேருக்குக் கிடைக்கும். மழை மிகும்போது பாரம் கூடி வடிந்துவிடும். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் இந்த ஒரே அமைப்பு ஈடுகொடுக்கும்.

அளவையும் கணக்கிடலாம். 500 சதுர மீற்றர் தளம் ஒன்றுக்கு 150 கன மீற்றர் வேர்மணல், அதாவது சுமார் 53 கியூப் தேவை. ஒன்பது தளங்களென்றால் 480 கியூப்வரை போகும். கடல்மணல் உதவாது, உப்பும் சிப்பித் தூளும் கெடுக்கும். கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலியின் ஆற்றுமணல் தரமானது. ஆனால் மணல் அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கரையரிப்பும் கவனிக்கப்பட வேண்டும்.

நடுகை

கணுக்கள் கொண்ட தண்டுத் துண்டுகளைத் தூவி, பாதி புதையும்படி அழுத்தி, உருளை ஓட்டுவார்கள். முதல் இரு வாரங்கள் ஒரு நாளில் பல தடவை மென்தூறலாக நீர் தெளிக்க வேண்டும்; பிறகு தடவை குறைத்து அளவு கூட்டுவார்கள். வெட்டும் உயரத்தைப் படிப்படியாக இறக்கி, இடையிடையே மெல்லிய மணல் தூவி மேடுபள்ளம் நிரவினால், இவ்வெப்பத்தில் சில மாதங்களில் தளம் ஆட்டத்துக்கு ஆயத்தமாகும்.

இன்றைய நிலை

சீனக்குடாத் திடலில் விமானப்படைத் தளபதி கிண்ணப் போட்டிகள் நடைபெற்றுள்ளன.