மெல்லிய காற்றில் ஒரு நெடிய ஓட்டம்

நீலகிரியின் உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம் சங்கக் குடும்பங்கள் பலவும் அங்கே ஒருமுறை ஏறி இறங்காமல் திரும்புவதில்லை. தாவரவியல் பூங்காவின் மேட்டில் சற்றே விரைந்து நடந்தாலும் மூச்சு வாங்குவதை அவர்கள் அறிவர். அதே உயரத்தில், மக்கள் நெருங்கி வாழும் ஒரு தலைநகரின் வீதிகளில், 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை ஓடிக் கடப்பதென்றால் எத்தகைய முயற்சி! 1968ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் மெக்சிகோ நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் மாரத்தான் அத்தகையது.

அவ்வாண்டின் விழாவை மெக்சிகோ நகருக்கு அளிப்பதென 1963இல் மேற்கு ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு முடிவு செய்தது. முடிவு வெளிவந்ததும் பூசலும் தொடங்கிற்று. அத்துணை உயரத்தில் நெடுந்தொலைவு ஓடுவோர் மயங்கி வீழ்வரே என்று பலரும் அஞ்சினர். அவ்வச்சம் வீணன்று. உயரம் மிகுந்தாலும் காற்றிலுள்ள பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. அங்கும் அது நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது காற்றின் அழுத்தமே. அதனால், கடற்கரை ஊரில் ஒரு மூச்சுக்குக் கிட்டும் பிராணவாயுவில் ஏறத்தாழ முக்கால் பங்கே மெக்சிகோவில் கிட்டும். சில வாரங்கள் அங்கே தங்கினால் இரத்தச் சிவப்பணுக்கள் பெருகி உடல் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும், முழுமையாக அன்று.

ஒலிம்பிக் குழுவினர் நடுநிலைமை காக்க ஒரு விதி செய்தனர். விழாவுக்கு முந்திய மூன்று மாதங்களில் நான்கு வாரங்களுக்கு மேல் எவரும் உயர்நிலத்தில் சிறப்புப் பயிற்சி பெறலாகாது என்பது அவ்விதி. கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும். ஆனால் 2,300 மீட்டருக்கும் மேலான அடிஸ் அபாபாவில் வாழ்ந்து பழகிய எத்தியோப்பியரை எந்த விதி கட்டுப்படுத்தும்? சமவெளியில் பிறந்தவனுக்கு நான்கு வாரம், மலையில் பிறந்தவனுக்கு வாழ்நாள் முழுவதும் என்றாயிற்று. இதில் மலைநாட்டார் மீது குற்றமில்லை. இடத்தைத் தேர்ந்தவர்கள் முன்னரே எண்ணியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மெல்லிய காற்று எதிர்ப்புக் குறைந்தது. ஆதலால் குறுந்தொலைவு ஓடியோருக்கும் தாண்டியோருக்கும் அது துணை நின்றது. பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டி உலகை வியக்க வைத்தது அங்கேதான். (நம் நாட்டவர்க்கோ அது ஹாக்கியில் வெண்கலத்துடன் திரும்ப நேர்ந்த விழா!) நெடுந்தொலைவினர் நிலை வேறு. அக்டோபர் 13ஆம் நாள் நடந்த 10,000 மீட்டர் ஓட்டத்தில் கென்யாவின் நஃப்தாலி டெமு முதலிலும், எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே இரண்டாவதாகவும் வந்தனர். அவ்வோட்டத்தில் உலகச் சாதனை படைத்திருந்த ஆஸ்திரேலியரான ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைக் கடந்ததும் நினைவிழந்து வீழ்ந்தார். அவருக்குப் பிராணவாயு செலுத்த நேர்ந்தது.

ஒரு வாரம் கழித்து, நகரின் நடுநாயகமான சோக்கலோ சதுக்கத்திலிருந்து 75 பேர் மாரத்தான் ஓடப் புறப்பட்டனர். எல்லோர் கண்ணும் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா மீதே இருந்தது. 1960இல் ரோமில் வெறுங்காலுடன் ஓடியும், 1964இல் டோக்கியோவிலும் வென்றவர் அவர். ஆனால் கால் எலும்பின் காயத்தால் ஏறத்தாழ 17ஆம் கிலோமீட்டரிலேயே அவர் விலக நேர்ந்தது. அவருடைய நாட்டவரான மாமோ வோல்டே முன்னேறிச் சென்று, 2 மணி 20 நிமிடம் 26 விநாடியில் பல்கலைக்கழக அரங்கத்தில் ஓட்டத்தை முடித்தார். டோக்கியோவில் பிகிலா எடுத்துக்கொண்ட நேரத்தைவிட இது எட்டு நிமிடத்திற்கு மேல் அதிகம். ஆயினும் அடுத்தவருக்கும் அவருக்கும் மூன்று நிமிட இடைவெளி இருந்தது.

அந்த அடுத்தவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அவர் ஜப்பானியரான கிமிஹாரா கெஞ்சி, மலைநாட்டார் அல்லர். அவருடைய தோழர் த்சுபுராயா கோகிச்சி டோக்கியோ மாரத்தானில் இரண்டாவதாக அரங்கத்துள் நுழைந்தவர். தாய்நாட்டு மக்கள் கண்முன்னே, பின்னால் வந்த ஆங்கிலேயர் பாசில் ஹீட்லி அவரை முந்திவிட, வெண்கலமே கிட்டியது. அதன் பின் காயங்களும் மனவேதனையும் தொடர, 1968 ஜனவரியில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவ்வாண்டு அக்டோபரில் மெக்சிகோ அரங்கத்துள் இரண்டாவதாக நுழைந்த கிமிஹாரா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நியூசிலாந்தின் மைக் ரயன் நெருங்கி வந்துகொண்டிருந்தார். கிமிஹாரா விட்டுக்கொடுக்கவில்லை; 14 விநாடி முந்தி வெள்ளியை வென்றார். தோழர் இழந்த இடம் அதுவேயல்லவா!

புறப்பட்ட 75 பேரில் 57 பேரே ஓட்டத்தை முடித்தனர். 57ஆமவர் டான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி. வழியில் வீழ்ந்து முழங்காலில் அடிபட்டு, கட்டுப்போட்ட காலுடன் நொண்டி நொண்டி, வோல்டே முடித்து ஒரு மணி நேரத்திற்கு மேல் கழிந்தபின் அவர் அரங்கம் சேர்ந்தார். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டோருக்கு, தம் நாடு தம்மை இத்தனை தொலைவு அனுப்பியது ஓட்டத்தைத் தொடங்குவதற்கன்று, முடிப்பதற்கே என்ற பொருள்பட அவர் விடையிறுத்ததாகக் கூறுவர்.

மெக்சிகோ நகரில் 1983 முதல் பொதுமக்களும் ஓடும் மாரத்தான் நடைபெறுகிறது. நம் நாட்டிலும் 2012 முதல் லடாக்கின் லே நகரில், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், மாரத்தான் நடத்தப்படுகிறது. நம் காலனி இளைஞர் எவரேனும் அங்கே ஓட எண்ணினால், பல நாள் முன்னதாகவே சென்று தங்கி, முதலிரு நாட்கள் வெறுமனே ஓய்ந்திருக்கட்டும். விடுப்பு விண்ணப்பத்தை அதற்கேற்ப எழுதிக்கொள்வது நலம்.