அன்னக்கிளி (திரையிசை)

அன்னக்கிளி, இளையராஜா இசையமைப்பாளராக அறிமுகமான முதல் படம். அதன் பாடல்களே அவருடைய முதல் இசைத்தட்டு. தமிழில் அன்று ஆல்பம் என்றால் பெரும்பாலும் படப்பாட்டுத் தட்டுதான். 1976 மே 14 அன்று வெளியான இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேவராஜ்–மோகன் இயக்கினர். சிவகுமாரும் சுஜாதாவும் நடித்தனர். வசனமும் பாடல்களும் பஞ்சு அருணாசலம்.

இளையராஜா 1943இல் பிறந்த பண்ணைப்புரம், போடிநாயக்கனூருக்குத் தெற்கே, தேவாரத்துக்கும் கோம்பைக்கும் இடையே மலையடிவாரத்தில் இருக்கிறது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியே போனால் தேவிகுளம், மூணாறு. ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் ஆள் ஏறிய இந்தப் பாதையில் அரசியல் மேடையும் ஏறியது. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார்; அவருக்காகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடையே பாடியவர் ராசையாவின், அதாவது இளையராஜாவின், அண்ணன் பாவலர் வரதராஜன். மலைக்காடுகளில் கூலிக்காரர் நின்று கேட்கும்படி, தெரிந்த மெட்டில் புதுச் சொல்லை ஏற்றிப் பாடுவது பாவலரின் வழக்கம். இளையராஜாவின் முதல் இசைப்பள்ளி பாவலரின் பாட்டுக்குழுதான். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்ததும், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்ததும் பிறகு நடந்தவை.

அல்லிநகரத்துச் சின்னசாமி, அதாவது பின்னாளில் இயக்குநரான பாரதிராஜா, சுகாதாரத் துறையில் மலேரியா ஒழிப்பு வேலையாகப் பண்ணைப்புரம் பக்கம் வந்தபோது இந்தச் சகோதரர்களோடு பழகினார். நாடகம் போடும் ஆசை அவருக்கு, மெட்டுப் போடும் ஆசை இவர்களுக்கு. முதலில் சென்னைக்குப் போனவர் அவர். சகோதரர்கள் பாஸ்கர், ராசையா, அமர்சிங் (கங்கை அமரன்) மூவரும் பின்னால் போய் அவரைத் தேடித்தான் சேர்ந்தார்கள்.

ஆனால் முதல் வாய்ப்பு பாரதிராஜாவால் வந்ததல்ல. அப்போது அவரே இயக்குநர் ஆகியிருக்கவில்லை. ராசையாவைப் பஞ்சு அருணாசலத்திடம் அழைத்துப் போனவர் இன்னொரு நண்பர், கதாசிரியர் ஆர். செல்வராஜ், அன்னக்கிளியின் கதையும் அவருடையதே. மேசையில் தாளம் தட்டி ராசையா பாடிக்காட்டிய மெட்டுகளே போதுமாக இருந்தன. பாடகர் ஏ.எம். ராஜா ஏற்கெனவே இருந்ததால் 'ராஜா'வுக்கு முன் 'இளைய' சேர்த்தவர் பஞ்சு. முதல் பாடல் பதிவு தொடங்கும் நேரத்தில் மின்சாரம் நின்று போனதை இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

எஸ். ஜானகி, பி. சுசீலா, டி.எம். சௌந்தரராஜன் ஆகியோர் பாடினர். நாட்டுப்பாடல் சாயலில் திரைப்பாட்டு அதற்கு முன்பும் உண்டு; இசையமைப்பாளர் கே.வி. மகாதேவனை மறந்துவிட்டுப் பேசுபவர்கள் அன்னக்கிளிக்கு வேண்டாத பெருமையும் சேர்க்கிறார்கள். இங்கே புதிதாக இருந்தது, வயல்காட்டு மெட்டுக்கு அடியில் மேற்கத்திய ஒத்திசைவு ஒட்டாமல் துருத்தாமல் ஓடியது. இந்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த டீக்கடைகளில் தமிழ்ப் பாட்டு மறுபடி ஏறியதாக அந்தத் தலைமுறை சொல்லும்.

நண்பர்களின் கூட்டு 1977 செப்டம்பரில் வந்தது. எஸ்.ஏ. ராஜ்கண்ணு தயாரித்த 16 வயதினிலே பாரதிராஜாவின் முதல் படம், இசை இளையராஜா. கங்கை அமரன் எழுதிய 'செந்தூரப்பூவே' பாடலுக்காக ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது. அன்னக்கிளி தெங்குமரகடாவிலும், 16 வயதினிலே கர்நாடகத்திலும் படமாயின. தேனி, போடிச் சீமை இரண்டு படங்களிலும் காட்சியாக இல்லை. பேச்சிலும் மெட்டிலும்தான் இருந்தது.

பின்னர் கிழக்கே போகும் ரயில் (1978), வைரமுத்து அறிமுகமான நிழல்கள் (1980), பாஸ்கர் தயாரித்த அலைகள் ஓய்வதில்லை (1981), முதல் மரியாதை (1985) என்று இந்தக் கூட்டு நீண்டது. படமில்லாத தனி ஆல்பத்துக்கு இளையராஜா வந்தது 1986இல், 'ஹவ் டு நேம் இட்' மூலம். அதைத் தியாகராஜருக்கும் ஜே.எஸ். பாக்குக்கும் காணிக்கையாக்கினார். பாரதிராஜாவும் இளையராஜாவும் சேர்ந்த நாடோடித் தென்றல் 1992இல் வந்தது. மறு ஆண்டு பாரதிராஜா எடுத்த கிழக்குச் சீமையிலே படத்துக்கு இசையமைத்தவர் ஏ.ஆர். ரகுமான்.