பிடி அரிசியும் ஒத்தச் சட்டையும்

போன சனிக்கிழமை பையன் ஸ்கூல்ல பெற்றோர் ஆசிரியர் கூட்டம். டோக்கன் போட்டு ஆளுக்கு மூணு நிமிஷம். "கிளாஸ்ல கவனிக்கிறதே இல்ல சார், வீட்ல பாருங்க"ன்னு டீச்சர் சொன்னாங்க. "நீங்கதான் மேடம் கொஞ்சம் கண்டிக்கணும்"னு நான் சொன்னேன். அடுத்த டோக்கன் வந்துடுச்சு. ஏன் கவனிக்கலைன்னு அவங்களும் யோசிக்கல, நானும் யோசிக்கல.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட புலம்பினா, "எங்க வாத்தியார் வீட்டுக்கே வந்துடுவார்டா"ன்னு ஆரம்பிச்சார். அப்பா படிச்சது செங்கல்பட்டு பக்கம் ஒரு கிராமத்துல, 1950களின் கடைசியில். அவருக்கு இருந்தது ஒரே சட்டை. அதைத் துவைச்சுப் போட்ட அன்னிக்கு பள்ளிக்கூடம் கிடையாது. சோம்பேறிப் பயல்னு நினைச்சுட்டு பிரம்போட வந்த வாத்தியார், கொடியில ஈரச் சட்டையைப் பார்த்துட்டு பேசாமத் திரும்பிட்டாராம்.

அந்தக் காலகட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டம் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநரானார். அவரும் செங்கல்பட்டு மாவட்டத்து கிராமத்துக்காரர்தான், நெய்யாடுபாக்கம். பள்ளிகளைத் திறந்துவிடலாம், ஆசிரியரையும் போட்டுவிடலாம். பிள்ளைகள் வரணுமே? பெத்தவங்க அனுப்பலைன்னு வாத்தியாரும், வாத்தியார் சரியில்லைன்னு பெத்தவங்களும் சொல்லிக்கிட்டே இருந்தா? (எங்க மூணு நிமிஷக் கூட்டம் மாதிரியே!)

1956இல் மதிய உணவு ஆரம்பமானபோது அரசாங்கம் மட்டும் செலவு பண்ணலை. ஊர்க்காரங்க பங்கும் உண்டு. எங்க பாட்டி தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பாங்களாம், பள்ளிக்கூடத்துக்கு.

அடுத்து வந்ததுதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. 1958இல் கடம்பத்தூரில் முதல் மாநாடு. முதலில் ஆசிரியர்களும் ஊர்க்காரங்களும் உட்கார்ந்து பள்ளிக்கு என்ன இல்லைன்னு பட்டியல் போடணும். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், தட்டு, டம்ளர், சீருடைத் துணி, கட்டடத்துக்கு நிலம்... யார் எதைத் தர்றாங்கன்னு பேசி, சேர்ந்ததை மாநாட்டில் ஒப்படைக்கணும். சில வருஷத்துக்குள்ள மாநிலம் முழுக்க நூறு மாநாடுகளுக்கு மேல நடந்தது. அப்பாவுக்கு இரண்டாவது சட்டை அப்படித்தான் கிடைச்சது. காக்கி டவுசரும் சேர்த்து :-)

எல்லாம் பொற்காலம்னு சொல்ல வரலை. மிராசுதார் முன் வரிசை நாற்காலியில், கூலிக்காரர் வெளியே மரத்தடியில். பட்டியல் போட்டதில் சேரிக்காரங்க சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும்? அரசாங்கம் செய்யவேண்டியதை ஊர் தலையில் கட்டினாங்கன்னும் சொல்லலாம். பசிக்கிற பிள்ளை ஊர் தயவில் சாப்பிடக்கூடாது. அந்த வகையில் 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிய அளவில் அரசுத் திட்டமாக்கியது நியாயம்தான். ஆனா பாட்டியோட அரிசிப் பானை போனதோட, பள்ளிக்கூட விஷயத்தில் பாட்டி வாய் திறக்கிற உரிமையும் போயிடுச்சோன்னு ஒரு சந்தேகம்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழு வந்தது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். ஆனா அரசு உதவி வாங்காத தனியார் பள்ளிகளுக்கு அந்தப் பிரிவு கிடையாது. ஆக, ஊர்ல அரசுப் பள்ளியில் பிள்ளையை விட்டிருக்கிற எங்க சித்தப்பா பையனுக்கு உள்ள இடம், கடன் வாங்கி ஃபீஸ் கட்டுற எனக்கு இல்லை. நல்லா வேணும்.

அப்பா தூங்கப் போனப்புறம் பையனைக் கூப்பிட்டு, திட்டாம, ஏன்டான்னு கேட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "கடைசி பெஞ்ச்சுப்பா. ஃபேன் சத்தத்துல மிஸ் பேசறது கேக்காது. எழுந்து சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க"ன்னான். ஜூன்லேர்ந்து இப்படித்தானாம்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டிருக்கேன். டோக்கன் இல்லாம உள்ளே விடுவாங்களான்னு தெரியலை. வாசல்லயாவது நிக்கணும்.