பட்டப்பேர் வரலாறு

பங்குனி உத்திரத்துக்கு எங்க பக்கம் ஊர் நிறைஞ்சிரும். சென்னை, மும்பை, பெங்களூர்னு எங்கே கடை வச்சிருந்தாலும், எங்கே வேலை பார்த்தாலும், அன்னைக்கு ஒரு நாள் குலசாமி சாஸ்தா கோயிலுக்கு வந்து பொங்கல் வைக்காமல் இருக்க மாட்டார்கள். தேரிக்காட்டுக்குள்ளே இருக்கிற அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் ரோட்டில் வேனுக்குப் பின்னால் வேன் நிக்கும். தேரின்னா பட்டணத்து ஆட்களுக்குத் தெரியாது. செக்கச்செவேல்னு மணல் மேடு, காத்து அள்ளிக்கொண்டு வந்து போட்டது. பனையும் உடையும் கொல்லாமரமும்தான் அதுல நிக்கும்.

அந்தக் கூட்டத்தைச் சாக்கு வச்சுத்தான் எங்க பத்தாப்புப் பயலுவ ஒண்ணு சேர்றது. 1974 ஜூன்ல ஒண்ணாப்புல சேர்ந்து 1984ல பத்தாப்பு முடிச்சு வெளியே வந்த செட்டு. இந்தத் தடவை என் வாழைத்தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம், வேப்ப மரத்தடியில் ஒன்பது பேர் உக்காந்தோம். எல்லாருக்கும் ஐம்பத்தஞ்சு ஆகிவிட்டது. ரெண்டு பேர் தாத்தா. ஒருத்தனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கு. இன்னொருத்தர் பள்ளிக்கூடத்துல தலைமையாசிரியர். அவர் மகன் பைக்கில் கொண்டாந்து இறக்கிவிட்டான். பையன் நிக்கும்போதே "ஏலே மூதி, வந்துட்டியா"ன்னு ஒருத்தன் கத்தினான். அந்தப் பையன் அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கே! வீட்டில் அவரை யாரும் எதிர்த்துப் பேசுறது கிடையாது போல.

சொந்தப் பேரைப் போட வேண்டாம்னு எல்லாரும் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அதனால பட்டப்பேர்தான் போடுறேன். போட்டுப் பார்க்கும்போதுதான் ஒண்ணு பிடிபட்டது. ஒவ்வொரு பட்டப்பேரையும் உரிச்சா உள்ளே இந்தக் கரையோட வரலாறு கொஞ்சம் இருக்கு. பாடப்புத்தகத்தில் பானிபட் போர் மூணையும் வருஷத்தோடு நெட்டுரு போட்டோம். எங்க ஊருக்கு ரயில் எப்போ வந்ததுன்னு எந்தப் பரீட்சையிலயும் கேட்டதில்லை.

ரயிலையே எடுத்துக்கோங்க. திருநெல்வேலியில இருந்து திருச்செந்தூருக்கு 1923ல ரயில் வந்தது. சின்னத் தண்டவாளம், மீட்டர்கேஜ். நாங்க படிக்கிற காலத்துல கரி இன்ஜின்தான். எங்க வகுப்புல ஒரு பயல் ஒல்லியா, கட்டையா இருப்பான். அவனுக்கு மீட்டர்கேஜ்னு பேர். 2008ல அந்தப் பாதையை அகலப்பாதையா மாத்தினாங்க. அவனும் அதே சமயத்துல துபாய்க்குப் போயிட்டு வந்து நல்லாப் பருத்துட்டான். இப்போ அவன் பேர் பிராட்கேஜ். "அரசாங்கம் பாதையை மாத்தினதுக்கு நான் என்னலே செய்வேன்"னு கேட்டான். "நடுவுல கொஞ்ச காலம் வண்டி ஓடலைன்னு சொன்னாங்களே, அது உனக்கு எப்போ?"ன்னு தலைமையாசிரியர் கேட்டார். இதை எல்லாம் எழுதினா உங்களுக்குச் சிரிப்பு வருமோ என்னவோ, நாங்க சிரிச்ச சத்தத்துல பக்கத்துத் தோப்பு நாய் குரைச்சுது.

தலைமையாசிரியருக்கு எங்ககிட்ட பேர் தும்பிக்கை. உடம்பை வச்சு வந்த பேர் இல்லை. அவர் கையெழுத்தால வந்தது. நாங்க ஒண்ணாப்பு படிக்கும்போது லை, ளை, ணை, னை எழுத்துக்கெல்லாம் முன்னால யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு போட்டு எழுதணும். 1978 அக்டோபர்ல எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டுது, பெரியார் சொன்ன முறைப்படி. அப்போ நாங்க அஞ்சாப்பு. நாலு வருஷம் அடி வாங்கிக் கத்துக்கிட்ட எழுத்தை ஒரே நாளில் மறன்னு சொன்னா எப்படி? எல்லாரும் மாறிட்டோம், இவர் மட்டும் மாறலை. இன்னைக்கும் ரேஷன் கடைக்குச் சீட்டு எழுதினா தும்பிக்கை தூக்கிக்கிட்டு நிக்கும். இவரே வாத்தியாராகி, முப்பது வருஷமாப் பிள்ளைகளுக்குப் புது எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கார்!

சிப்பி வீரபாண்டியன்பட்டினத்துக்காரன். அவன் தாத்தா கடைசி முத்துக்குளிப்பில் முங்கினவர். தூத்துக்குடிக் கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. கொற்கைக் காலத்துல இருந்து ரெண்டாயிரம் வருஷம் பேர் வாங்கிய தொழில், நாங்க பிறக்கறதுக்குள்ளே முடிஞ்சுபோச்சு. கல்லைக் காலில் கோத்து இறங்கினவனை மேலே தூக்குறதுக்குப் படகுல ஒருத்தன் கயிறு பிடிச்சிருப்பான், அது கட்டாயம் மச்சினனாத்தான் இருப்பான், அக்கா தாலி அவன் கையிலல்லா இருக்குன்னு சிப்பி சொல்லுவான். வகுப்புல வாத்தியார் கேள்வி கேட்டா இந்தப் பயல் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கீழே குனிஞ்சிருவான். "சிப்பி முங்கிட்டாம்லா"ன்னு பின்னாடி பெஞ்சு சொல்லும்.

என் பேர் கடைமடை. தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு உண்டு. கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம், வெள்ளைக்காரன் 1870களில் கட்டினது. அதுல இருந்து வர்ற தென்கால் தண்ணி கடம்பாகுளம், அந்தக் குளம், இந்தக் குளம்னு எல்லாத்தையும் நிரப்பிட்டு, மிச்சம் இருந்தாத்தான் எங்க ஆவுடையார்குளத்துப் பக்கம் எட்டிப் பார்க்கும். எங்க வயல் அங்கே. வாத்தியார் திங்கக்கிழமை கேட்ட கேள்விக்கு எனக்கு வியாழக்கிழமை பதில் தோணும். அதுக்கு வச்ச பேர். பேர் பொருத்தம்தான், இன்னைக்கும் தண்ணிக்காகக் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

இப்படிப் பேர் வைக்கிறது ஒண்ணும் புதுசில்லைன்னு எங்க தமிழ் ஐயா சொல்லுவார். குறுந்தொகையில செம்புலப்பெயனீரார்னு ஒரு புலவர். அவர் சொந்தப் பேர் என்னன்னு யாருக்கும் தெரியாது. பாட்டுல வந்த சொல்லையே எடுத்துப் பேரா வச்சுட்டாங்க. "நீங்க வைக்கிற பேருக்கும் ஒரு பாட்டாவது எழுதுங்கலே"ம்பார் ஐயா.

மாவட்டத்தைப் பத்தியும் ஒரு சண்டை நடந்தது. எங்க டி.சி.யில திருநெல்வேலி மாவட்டம்னு இருக்கு. 1986 அக்டோபர்ல பிரிச்சு சிதம்பரனார் மாவட்டம்னு ஆக்கினாங்க, எங்க கல்யாணப் பத்திரிகையில எல்லாம் அதுதான். 1997ல தலைவர்கள் பேரை எல்லா மாவட்டத்திலும் எடுத்தப்போ தூத்துக்குடி ஆயிருச்சு. "துபாய்க்குப் போன உன்னை விட நான்தாம்லே ஊர் சுத்தினவன். ஒரே திண்ணையில உக்காந்தே மூணு மாவட்டம் பார்த்துட்டேன்"னு நான் பிராட்கேஜ்கிட்டச் சொன்னேன். வியாழக்கிழமைக்கு முன்னாடியே எனக்குப் பதில் வந்தது அன்னைக்குத்தான்.

இனிமே சொல்லப் போறது பங்குனி கதை. பங்குனிங்கிறது ஒரு ஆளு. அந்தப் பேரை வச்சது நான்.

அவன் வீடு தேரி ஓரம். அப்பா பனையேறி. மாசி கடைசியில பாளை சீவ ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் பதனி இறங்கும். ஒரு ஆள் நாளைக்கு முப்பது, நாற்பது மரம் ஏறணும், அதுவும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கலயத்துக்குள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பாங்க, அதுதான் பதனி புளிக்காமல் காக்கும். அப்படியும் அன்னன்னைக்கே காய்ச்சியாகணும், நாளைக்குப் பார்த்துக்கலாம்கிற பேச்சே கிடையாது. ஓலைக்குடிசையில, நாங்க அதை விடிலின்னு சொல்லுவோம், அம்மா அடுப்புல நிப்பா. பதனி சுமக்க, விறகு பொறுக்க, பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டையில ஊத்த ஆள் வேணும். அந்த ஆள்தான் இவன். வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியாச்சு, கருப்பட்டி கொடுத்தே ஆகணும்.

இப்போ கணக்கைப் பாருங்க. முழுப்பரீட்சை பங்குனியில வரும். பள்ளிக்கூடம் திறக்கிறது ஜூன், அதாவது வைகாசி கடைசி. ரெண்டு நேரமும் பதனி சீசன். பள்ளிக்கூட காலண்டர் போட்டவங்களுக்குத் தேரியைத் தெரியாது. வருஷா வருஷம் வருகைப் பதிவேட்டைத் திறந்தா மாசி வரைக்கும் அவன் பேருக்கு நேரா டிக், பங்குனி பிறந்ததும் ஆப்சென்ட். எட்டாப்புல ஒரு நாள் வாத்தியார் "எங்கலே அவன்?"னு கேட்டப்போ நான் எந்திரிச்சு, "பங்குனி வந்துட்டு, அவன் போயிட்டான் சார்"னு சொன்னேன். வகுப்பே சிரிச்சுது. வாத்தியாரும் சிரிச்சார். அன்னையில இருந்து அவன் பங்குனி.

சத்துணவை எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில ஆரம்பிச்சார். முதல்ல சின்னப் பிள்ளைகளுக்குத்தான். பங்குனியோட தங்கச்சி பள்ளிக்கூடத்துல சாப்பிட்டா, இவன் வீட்டுக்கு ஓடணும். பதினஞ்சு வயசு வரைக்கும்னு நீட்டினது 1984 செப்டம்பர்ல. நாங்க வெளியே வந்து அஞ்சு மாசம் கழிச்சு! "நமக்கு எல்லாமே கடைமடையாத்தாம்லே வரும்"னு சிப்பி இதுக்கும் என்னையே இழுத்தான்.

பத்தாப்புப் பரீட்சையை அவன் எழுதலை. ஹால் டிக்கெட் வந்தது, ஆள் வரலை. அடுத்த வருஷம் சென்னைக்கு ஒரு மளிகைக்கடைக்குப் பொட்டலம் கட்டப் போனான். இப்போ சொந்தக் கடை வச்சிருக்கான், மகள் டாக்டருக்குப் படிக்கிறா. நாப்பது வருஷத்துல எங்க கூட்டத்துக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஏன்னா நாங்க வச்சிருந்த பட்டியல் பத்தாப்பு எழுதினவங்க பட்டியல், அதுல அவன் பேர் கிடையாது. இந்த வருஷம் சாஸ்தா கோயில் ரோட்டில் சிப்பிதான் அவனைப் பார்த்துக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தான்.

தலை முழுக்க வெள்ளை. வந்து நின்னான். பிராட்கேஜ்தான் ஆரம்பிச்சான்: "ஏலே, பரீட்சை எழுதாதவனெல்லாம் எப்படிலே எங்க செட்டு?"

"எழுதின நீங்க எல்லாம் என்னத்தக் கிழிச்சிய? அதைப் பார்த்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்"னான் பங்குனி.

அதுக்கப்புறம் பயமில்லை. பேச்சு பேச்சா ஓடுச்சு. மத்தியானம் சாப்பிட்டு எல்லாரும் ஓலைப்பாயில சரிஞ்சப்போ நான் அவன் பக்கத்துல போய் உக்காந்தேன். ரொம்ப நாளா மனசுல கிடந்ததைக் கேட்டேன். "எப்பா, அந்தப் பேர் நான் வச்சது. அதுல உனக்கு வருத்தம் உண்டா?"

அவன் ஒரு நொடி கூட யோசிக்கலை. "பேர்ல என்னலே இருக்கு? வாத்தியார் சிரிச்சாரு, அது கொஞ்சம் இருந்துது. அதுவும் போயிட்டு." அப்புறம் வாழையைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: "நீங்க பரீட்சை எழுதிட்டு மத்தியானம் நேரா எங்க விடிலிக்கு வருவிய. பட்டையில பதனி ஊத்தித் தருவேன். குடிச்சிக்கிட்டே கேள்வித்தாளைக் கையில வச்சு, இதுக்கு நீ என்ன எழுதின, அதுக்கு நான் இது எழுதினேன்னு பேசுவிய. கணக்குப் பரீட்சை அன்னைக்கு அஞ்சு மார்க் கேள்வி ஒண்ணுக்கு உங்க யாருக்கும் விடை தெரியலை. எனக்குத் தெரியும். துடுப்பைக் கிண்டிக்கிட்டே மனசுல போட்டுட்டேன். சொல்லலை."

பதனி நல்லா இருந்ததுங்கிறது மட்டும்தான் எனக்கு ஞாபகம். அவன் அங்கே நின்னான்ங்கிறதே ஞாபகம் இல்லை. ஆள் நின்ன இடத்துல என் ஞாபகத்துல அடுப்புப் புகைதான் இருக்கு.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ எங்க பக்கம் எல்லாரும் பெருமையாப் பேசினோம். பனையை வெட்டணும்னா கலெக்டர்கிட்ட அனுமதி வாங்கணும்னு 2021ல அரசு அறிவிச்சிருக்கு. நல்ல காரியம்தான். ஏறத்தான் ஆள் இல்லை. அன்னைக்கு உக்காந்திருந்த பத்துப் பேருல பனையேறி வீட்டுப் பிள்ளை நாலு பேர். அவங்க பிள்ளைகளில் ஒருத்தருக்கும் பாளை சீவத் தெரியாது. பங்குனி கேட்டான், "தெரியாம இருக்கட்டும்னுதானலே நாமெல்லாம் ஓடினோம்?" யாரும் பதில் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சுத் தும்பிக்கை மட்டும், "என் பள்ளிக்கூடத்துல இப்பவும் பங்குனியில வராத பிள்ளைக உண்டு. செங்கல் சூளைக்குப் போயிருவாங்க"ன்னார்.

கிளம்பும்போது பங்குனி என்னைக் கூப்பிட்டு ஒரு கணக்குச் சொன்னான். மொத்தம் ஆறு பரீட்சை நாள். நாள் ஒண்ணுக்கு நான் ரெண்டு பட்டை பதனி குடிச்சிருக்கேன். ஆக பன்னெண்டு பட்டை. காசு கொடுக்கலை. நாப்பத்தியொரு வருஷம் ஆச்சு. "மளிகைக்கடைக்காரன்ட்ட கணக்கு தப்பாதுலே"ன்னான்.

பட்டியலில் தும்பிக்கை அவன் பேரை எழுதிச் சேர்த்துட்டார், பழைய லை போட வழியில்லாத பேரு அது, அந்த வருத்தம் அவருக்கு. போன வாரம் என் தோட்டத்து நாட்டு வாழைத்தார் ரெண்டைப் பார்சல் வண்டியில சென்னைக்கு ஏத்திவிட்டேன். தார் போய்ச் சேர்ந்த அன்னைக்கே போன் வந்தது.

"வட்டிக்குச் சரியாப் போச்சு. அசல் எப்பலே தருவ?"